‘நல்லாத்தானே இருக்கேன், டெஸ்ட் எதுக்கு?’ – கர்ப்ப காலப் பரிசோதனைகள் பற்றி ஒரு பாடம்



குழுக் கூட்டத்தில் மாசமாக இருக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், ‘டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சா?’ என்று விசாரிக்கிறோம். ‘எடுத்தாச்சு’ என்று பதில் வரும். ‘ரத்தம் எவ்வளவு இருக்கு?’ என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் திகைப்பு. ‘நர்ஸம்மா அட்டையில எழுதியிருக்காங்க’ என்பார்கள். அட்டை பீரோவுக்குள் புடவைக்கு அடியில் இருக்கும்.

கடன் பேரேட்டில் தவணை வரவு எழுதினால் மட்டும் போதுமா? பாக்கி எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? குழுவில் பத்து ரூபாய் கணக்கு இடித்தால்கூட விடாத நாம், நம் உடம்புக் கணக்கை மட்டும் யாரோ எழுதினால் சரி என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பாடம் அந்த அட்டையைப் படிப்பதற்காக. ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். கர்ப்பிணிகள் மட்டுமல்ல, மாமியார்களும் உட்கார்ந்து கேட்கட்டும். யார் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை முடிவு செய்வது பல வீடுகளில் அவர்கள்தானே!

வலியில்லாமல் வருவதுதான் ஆபத்து

‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும்?’ என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் வலிக்காது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் தெரியாது. ரத்தம் குறைவது மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ‘மாசமா இருந்தா சோர்வு இருக்கத்தான் செய்யும்’ என்று நாமும் சொல்லிவிடுவோம். இவை மூன்றுமே தாயையும் குழந்தையையும் சேர்த்துத் தாக்கக்கூடியவை. வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

இன்னொன்று, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு. ஐந்தாம் மாதம் பார்க்க வேண்டியதை எட்டாம் மாதம் பார்த்தால் பாதிப் பயன் போய்விடும்.

நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம் சரியாக இருக்கும். கடைசியாக வீட்டுக்குத் தூரமான முதல் நாள்தான் கணக்கின் தொடக்கம். நம்மில் பலர் தலைக்கு ஊற்றிய நாளைச் சொல்கிறோம். மூன்று நான்கு நாள் பிசகிவிடும். தேதி நினைவில்லை என்றால் ‘ஆடிப் பெருக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி’ என்று சொன்னால்கூடப் போதும், நர்ஸம்மா காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அந்த நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 40 வாரம். அந்தத் தேதியிலேயே பிறக்க வேண்டும் என்பதில்லை, முன்பின் இருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் அவர்களுக்குச் சரியான வாரத்தைச் சொல்லும்.

‘மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்’ என்பது பெரியவர்கள் பேச்சு. ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், தப்பில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் நாள் தள்ளிய உடனே சொல்லிவிட வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் முதல் பரிசோதனைகள் காலத்தோடு நடக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. பதிவு செய்தவுடன் பிக்மி எண் தருவார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள். ஆகவே அதை அட்டையில் மட்டுமல்லாமல் வேறு ஓர் இடத்திலும் எழுதி வையுங்கள்.

போலிக் அமில மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகும் குழாய் கரு உண்டாகி முதல் 4 வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளிப் போனது தெரிகிற நேரத்திலேயே அந்த வேலை பாதி முடிந்திருக்கும். அதனால் பிள்ளைக்கு எதிர்பார்த்திருக்கும் பெண்கள் உண்டாவதற்கு முன்பிருந்தே அந்த மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது நல்லது. புதுசாகக் கல்யாணமான பெண் உங்கள் வீட்டில் இருந்தால் காதில் போட்டு வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை: எந்த எண், என்ன செய்யணும்

முதலில் ஹீமோகுளோபின். நாம் ‘ரத்தம் எவ்வளவு’ என்று கேட்பது இதைத்தான். கர்ப்பிணிக்கு 11-ம் அதற்கு மேலும் இருக்க வேண்டும். 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! பிரசவத்தில் எல்லாருக்கும் ரத்தம் போகும். கையிருப்பு உள்ளவர் தாங்குவார், கையிருப்பே இல்லாதவர் எதை வைத்துத் தாங்குவார்? தாய்க்கு ரத்தம் குறைந்தால் குழந்தை எடை குறைவாகவும் மாதம் நிறையாமலும் பிறக்கலாம்.

எண் குறைந்திருந்தால் இரும்புச் சத்து மாத்திரையை எத்தனை போட வேண்டும் என்று கேளுங்கள். சாதாரணமாக மூன்று மாதம் முடிந்த பிறகு தினமும் ஒன்று, 180 நாளைக்கு. குறைந்தவர்களுக்குக் கூட்டிச் சொல்வார்கள், சிலருக்கு நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுவார்கள். மாத்திரை போட்டவுடன் டீ, காப்பி குடித்தால் சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு வாய் எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீர்கள், அது இரும்பினால் வருவது. ‘மாத்திரை போட்டா பிள்ளை கறுப்பா பொறக்கும்’, ‘பிள்ளை பெருசாகி ஆபரேஷன் பண்ணிடுவாங்க’ என்கிற பேச்செல்லாம் பொய். மாத்திரையை வாங்கிவந்து கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் கொட்டுகிற வீடுகளும் இருக்கின்றன, எல்லாருக்கும் தெரியும்!

அடுத்தது ரத்த வகை. இதில் பாசிட்டிவா நெகட்டிவா என்பது முக்கியம். தாய் நெகட்டிவாக இருந்து கணவர் பாசிட்டிவாக இருந்தால், குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தோடு கலக்கும்போது தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். அடுத்த குழந்தைக்குத்தான் கேடு. கடுமையான மஞ்சள் காமாலை வரலாம், வயிற்றிலேயே இறந்தும் போகலாம். ‘முதல் பிள்ளை நல்லாப் பொறந்துச்சு, ரெண்டாவது தங்கல’ என்று ஊரில் ஏதேதோ காரணம் சொல்வார்களே, சிலவற்றில் காரணம் இதுவாகவும் இருந்திருக்கும். இதற்கு ‘ஆன்டி-டி’ என்று ஓர் ஊசி இருக்கிறது. 28-வது வாரத்தில் ஒன்று, பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கரு கலைந்து போனாலும் இந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். நெகட்டிவ் வகைக்காரர்கள் கணவரின் ரத்த வகையையும் பார்த்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி., மேகநோய், பி வகை மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கும் அதே ரத்தத்தில் பார்க்கிறார்கள். ‘எங்களைச் சந்தேகப்படறாங்களா?’ என்று கோபப்பட வேண்டாம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகச் செய்வதுதான். முன்கூட்டியே தெரிந்தால் குழந்தைக்குப் போகாமல் பெருமளவு தடுக்க முடியும். எச்.ஐ.வி.க்குத் தினமும் மாத்திரை, மேகநோய்க்குப் பெனிசிலின் ஊசி, பி வகைக் காமாலைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி. ஆனால் இந்த முடிவுகள் அந்தப் பெண்ணுக்கு மட்டுமே சொந்தம். ஊக்குநரானாலும் பிரதிநிதியானாலும் இதைப் பற்றிக் கூட்டத்தில் கேட்கக் கூடாது. அட்டையைச் சுற்றுக்கு விடுவதும் வேண்டாம்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிற டெஸ்ட்

கர்ப்ப காலத்தில் மட்டும் வருகிற சர்க்கரை நோய் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க நம் ஊர் நிலைமைக்கு ஏற்ற எளிய முறையைப் பரவலாக்கியதில் சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பெண்ணை வெறும் வயிற்றோடு வா, மறுபடி நாளைக்கு வா என்று அலையவிட்டால் அவர் வரவே மாட்டார். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். 140-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை போகும்போதே ஒரு முறை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறை எடுக்க வேண்டும். ‘முதல்லயே பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க’ என்று இரண்டாவதை விடுவதுதான் நம்மிடம் அதிகம். ஆறாம் மாதத்துக்கு மேல்தான் இந்தச் சர்க்கரை பலருக்கு ஏறுகிறது. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு நாள் செய்ய வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் தப்பான எண் வரும்.

சர்க்கரை கூடினால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும். பயப்பட வேண்டாம். முதலில் 2 வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே வந்தால் சாப்பாட்டிலேயே சமாளித்துவிடலாம். வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ. பட்டினி கிடப்பது இதற்கு வைத்தியம் ஆகாது. ஒரே வேளையில் தட்டு நிறையச் சோறு சாப்பிடுவதைப் பிரித்துக்கொண்டு, பயறு, காய், கீரை, முட்டையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் பிரஷர், ஒவ்வொரு தடவையும் சிறுநீர்

இவை இரண்டும் ஒரு நாள் பார்த்து விடுகிற விஷயம் இல்லை. போகும்போதெல்லாம் பார்க்க வேண்டும். கூட்டமாக இருக்கிறது என்று பிரஷர் பார்க்காமல் அனுப்பினால், ‘எனக்குப் பிரஷர் பார்க்கலைங்க’ என்று நின்று கேளுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்? 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய நிலை. அதோடு சிறுநீரில் புரதம் கலந்து போனால் ஆபத்து அதிகம். முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். கால் வீக்கம் பலருக்கும் வரும், அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அறிகுறி வந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும், ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் ஜன்னி வரும். கை கால் இழுத்துக்கொள்கிற பெண்ணைப் பார்த்து ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்க அழைத்துப் போய், வழியிலேயே தாயும் பிள்ளையும் போன கதை நம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிது இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கு மக்னீசியம் சல்பேட் என்ற ஊசி மருந்து இருக்கிறது. மந்திரிப்பதானால் பிள்ளை பிறந்த பிறகு மந்திரித்துக்கொள்ளலாமே.

ஸ்கேன்: எத்தனை வேண்டும்?

ஸ்கேனில் கதிர் இல்லை, ஒலி அலைதான். ‘அடிக்கடி எடுத்தா பிள்ளைக்குச் சூடு’ என்பார்கள் சிலர். ‘மாசாமாசம் எடுத்தாத்தான் நல்லது’ என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் கேட்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் ஒன்று, 18-லிருந்து 20 வாரத்துக்குள் ஒன்று, கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சியும் பனிக்குட நீரும் நஞ்சின் இடமும் பார்க்க ஒன்று. டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் கூடுதலாகச் சொல்வார். காரணம் சொல்லாமல் மாதம் ஒரு ஸ்கேன் எழுதினால் ‘எதுக்குங்க?’ என்று கேட்கலாம். வட்டாரத்தில் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் ஸ்கேன் இலவசம். எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்பதை நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2016-லிருந்து ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, நாலாம் மாதம் தாண்டிய கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனைகளில் டாக்டரே பார்க்கிற ஏற்பாடும் இருக்கிறது. சங்கத்தில் கடன் எழுதி ஒவ்வொரு மாதமும் தனியாரில் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். ஐந்தாம் மாத ஸ்கேன் மட்டும் விதிவிலக்கு. அரசு ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிப் போகிறதென்றால் கடன் வாங்கியாவது எடுத்துவிடுங்கள்.

ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறோம்? தலை, முதுகுத் தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை கால் எல்லாம் அந்த நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால், எல்லா வசதியும் உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். பிழைக்கவே முடியாத குறை என்றால் என்ன செய்வது என்று தாய் யோசிப்பதற்கு நாள் வேண்டும். 2021-ல் திருத்திய சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும், குழந்தைக்குக் கடுமையான குறை இருக்கிற நிலைமையில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும், அதற்கு மேலே மருத்துவக் குழு கூடித்தான் முடிவு செய்யும். ஏழாம் மாதத்தில் போய் முதல் தடவை பார்த்தால் இந்த அவகாசம் எதுவும் இருக்காது. முடிவு எதுவானாலும் அது அந்தப் பெண்ணுடையது. நாம் துணைக்குப் போகலாம், தீர்ப்புச் சொல்லப் போகக் கூடாது. ஸ்கேனில் எல்லாக் குறையும் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

ஸ்கேன் அறையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் அதில் இருக்கும். 1994-ம் வருடச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். கேட்டு அழைத்துப் போகிறவருக்கு முதல் தடவையே 3 வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கர்ப்பிணியைக் குடும்பத்தார் கட்டாயப்படுத்தியதாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்த மாநிலம் நம்முடையது. 2011 கணக்கெடுப்பில் 6 வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். ஸ்வீட் வாங்கிட்டு வாங்க, அல்வா வாங்கிட்டு வாங்க என்று ஜாடையாகச் சொல்கிற இடங்கள் இருந்தால் அதுவும் அதே குற்றம்தான்.

வீட்டிலேயே செய்கிற பரிசோதனை

இதற்கு மிஷின் வேண்டாம், காசு வேண்டாம். குழந்தையின் அசைவை எண்ணுவது. முதல் பிள்ளைக்காரிக்கு 18-லிருந்து 20 வாரத்தில் துடிப்புத் தெரியும், இரண்டாவதற்குச் சற்று முன்பே தெரியும். 28 வாரத்துக்கு மேல் தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். உதைப்பது, உருளுவது, நெளிவது எல்லாம் கணக்கில் சேரும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் கணக்குத் தவறாது. 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

பத்து வரவில்லை என்றாலும், வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது என்று உங்களுக்கே தோன்றினாலும் உடனே கிளம்புங்கள். ‘நாள் நெருங்கிட்டா இடம் போதாம பிள்ளை அசையாது’ என்று சொல்வது தப்பு. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். வீணாக அலைந்ததாக யாரும் பேசக் கூடாது.

வளைகாப்புக்குப் பிறகு அட்டை எங்கே?

ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். புடவை, பலகாரம், வெள்ளிக் கிண்ணம் எல்லாம் போகிறது. அட்டை மாமியார் வீட்டிலேயே தங்கிவிடுகிறது! அங்கே புது நர்ஸம்மாவுக்கு இவருக்கு ரத்தம் 8 என்றோ, நெகட்டிவ் வகை என்றோ எப்படித் தெரியும்? பிரஷரும் சர்க்கரையும் ஏறுகிற மாதங்களும் இவைதான். பிக்மி எண் எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. போன வாரத்திலேயே அந்த ஊர் செவிலியரிடம் அட்டையைக் காட்டிவிட வேண்டும். 28-வது வார ஊசியும் இரண்டாவது சர்க்கரைப் பரிசோதனையும் இந்த ஊர் மாற்றத்தில்தான் விட்டுப்போகும். மகளை அழைத்து வருகிற அம்மாக்கள் சீர்த் தட்டை எண்ணும்போதே அட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள் இன்னும் ஒன்றைச் செய்ய வேண்டும். பிரசவம் ஆனதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். 6 வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே வாரத்தில்தான். ஆகவே தனியாக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அன்றைக்கே தாயும் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.